விளம்பரம் வேண்டாமென்ற அடிகளார்

ஆண்டு மலருக்கு விளம்பரம் சேகரிக்கும் காலம் வந்துவிட்டால் நம் மாணவியர்க்கு இராயபுரத்து வீதிகள் அத்தனையும் மனப்பாடமாகிவிடும். காசிமேட்டு ஐஸ் கம்பெனி, வலைக்கடை, துறைமுகத்துக் கிளியரிங் ஏஜெண்டின் அலுவலகம், திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் லாரி புக்கிங் ஆபீஸ், எண்ணூர்ப் பக்கம் அப்பா வேலை பார்க்கும் தொழிற்சாலை என்று கையில் ரசீதுப் புத்தகத்தோடு ஏறி இறங்குகிறோம். முழுப் பக்கத்திற்கு ஒரு தொகை, அரைப் பக்கத்திற்கு ஒரு தொகை, ஒன்றுமே முடியாதென்பவரிடம் கால் பக்கம். அந்தப் பணம் வராவிட்டால் இந்த மலர் அச்சேறாது. ஆகவே விளம்பரம் என்ற சொல்லைக் கேட்டாலே நம் மனத்தில் நன்றியுணர்ச்சிதான் தோன்றும். வருகிற விளம்பரத்தை வேண்டாமென்று தள்ள யாருக்கு மனம் வரும்?

அவ்வாறு தள்ளும்படி பத்திரிகை ஆசிரியர்களிடம் வீடு வீடாகச் சென்று சொன்னார் ஒரு குருவானவர். அதற்காக அவரைச் சிறையிலிட்டு, முகாம் முகாமாக அலைக்கழித்து, இறுதியில் ஊசி போட்டுக் கொன்றார்கள். அவரே ஹாலந்து நாட்டுக் கார்மேல் துறவி புனித தீத்துஸ் பிராண்ட்ஸ்மா.

இப்பெயரை நாம் ஏற்கெனவே ஒரு முறை கேட்டிருக்கிறோம், காதில் வாங்கவில்லை. 2022 மே 15 அன்று உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் நம் தேவசகாயம் அவர்களைப் புனிதராக அறிவித்தபோது, தமிழகமெங்கும் தொலைக்காட்சியின் முன் கண்ணீரோடு அமர்ந்திருந்தவர்கள் எத்தனையோ பேர். அன்று பீடத்திற்கு உயர்த்தப்பட்டவர்கள் மொத்தம் பத்துப் பேர். நம் கண்களோ ஒருவர் மீதே இருந்தன. சொந்த வீட்டுக் கல்யாணத்தில் மற்ற விருந்தாளிகளைக் கவனிக்க நேரம் ஏது? அந்தப் பத்துப் பேரில் தீத்துஸ் அடிகளாரும் ஒருவர்.

ஹாலந்து என்றால் நமக்கு முற்றிலும் அந்நியமன்று. எண்ணூரைக் கடந்து வடக்கே சென்றால் பழவேற்காடு. ஒல்லாந்தர் 1613-இல் அங்கே கோட்டை எழுப்பினர். அவர்களுடைய கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்களைக் கண்டு, சுற்றுலா சென்ற சிறுமியர் அலறியதை ஆசிரியைகள் இன்றும் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த ஒல்லாந்தரின் நாட்டில், வடகோடியில், பிரீஸ்லாந்து என்றொரு மாகாணம். பசும்புல் வெளியும் கறவை மாடுகளும் நிறைந்த ஊர்ப்புறம். போல்ஸ்வார்ட் என்னும் சிற்றூருக்கருகே ஒரு பால் பண்ணைக் குடும்பத்தில் 1881 பிப்ரவரி 23 அன்று நம் அடிகளார் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் அன்னோ. பிள்ளைகள் ஆறு பேர். அவர்களில் ஐவர் துறவறம் பூண்டனர். சுற்றிலும் பிராட்டஸ்டண்டு சபையினர் மிகுந்திருக்க, கத்தோலிக்கர் சிறுபான்மையராக வாழ்ந்த பகுதி அது. அவர் தாய்மொழியும் சிறுபான்மை மொழியே. பிரீசிய மொழியை அந்தச் சிறு மாகாணத்திற்கு வெளியே பேசுவோர் அரிது. பேராசிரியரான பின்பும் அடிகளார் அந்த மொழிக்காகப் பாடுபட்டார், அதில் எழுதினார். எண்ணிக்கையில் குறைந்தவர்களாக வாழ்வது எப்படியிருக்கும் என்பதை அவர் புத்தகத்தில் படித்து அறிய வேண்டியிருக்கவில்லை.

உடல் மெலிந்தது, நோய் அடிக்கடி வரும். ஆயினும் 1898-இல் போக்ஸ்மீர் கார்மேல் மடத்தில் சேர்ந்து, தந்தையின் பெயராகிய தீத்துஸ் என்பதையே துறவுப் பெயராக ஏற்றார். 1905-இல் குருப்பட்டம், 1909-இல் உரோமையில் தத்துவத்தில் டாக்டர் பட்டம். நாடு திரும்பிக் குருமாணவர்க்குப் பாடம் சொன்னார். அவிலா நகர்ப் புனித தெரேசாளின் நூல்களைத் தம் நாட்டு மொழிக்குப் பெயர்ப்பதில் ஈடுபட்டார். பாடம் சொல்வதோடு அடங்குபவராக அவர் இல்லை. 1912-இல் ஒரு பக்திச் சஞ்சிகையைத் தொடங்கினார். 1919-இல் தாம் வாழ்ந்த ஓஸ் நகரின் செய்தித்தாளுக்கே ஆசிரியரானார். பிரசங்க மேடைக்கு வருபவர் சிலர், செய்தித்தாளோ ஒவ்வொரு வீட்டுச் சமையலறைக்கும் போகிறது என்பதைக் கண்டுகொண்டவர் அவர்.

1923-இல் நைமேகன் நகரில் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் தோன்றியபோது அதன் பேராசிரியர்களுள் ஒருவரானார். 1932-33-இல் அதன் தலைமைப் பொறுப்பையும் ஏற்றார். 1935-இல் கத்தோலிக்கப் பத்திரிகையாளர் சங்கத்தின் ஆன்ம ஆலோசகராக நியமனம் பெற்றார். இந்தப் பதவியே பின்னாளில் அவரைத் தூக்கிக்கொண்டு போயிற்று.

இங்கே சற்று நின்று, பக்கத்து நாடாகிய ஜெர்மனியில் நடந்ததைப் பார்த்தாக வேண்டும். இல்லையேல் ஒரு விளம்பரத்திற்கு ஏன் இத்தனை பாடு என்பது விளங்காது.

1933-இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தவுடன் முதலில் கைப்பற்றியவற்றுள் பத்திரிகையும் வானொலியும் இருந்தன. பிரச்சாரத்திற்கென்றே ஓர் அமைச்சகம் ஏற்பட்டது. கோயபல்ஸ் அதன் அமைச்சர். அவ்வாண்டு அக்டோபரில் ஒரு சட்டம் வந்தது. பத்திரிகை ஆசிரியராக இருக்க வேண்டுமானால் அரசின் பட்டியலில் பெயர் இருக்க வேண்டும். யூதர்க்கு அப்பட்டியலில் இடமில்லை. யூதப் பெண்ணை மணந்தவருக்கும் இல்லை. நாள்தோறும் பெர்லினில் பத்திரிகையாளரைக் கூட்டி, எதை வெளியிட வேண்டும், எதை விட வேண்டும், எந்தச் செய்தி முதல் பக்கத்தில் வர வேண்டும் என்று சொல்லியனுப்பினர். குறைந்த விலை வானொலிப் பெட்டிகளை அரசே செய்வித்து வீட்டுக்கு வீடு நுழைத்தது. யூத வெறுப்பையே தொழிலாகக் கொண்ட ஒரு வார இதழைத் தெரு முனைகளில் கண்ணாடிப் பெட்டிகளில் ஒட்டி வைத்தார்கள், பஸ்ஸுக்கு நிற்பவனும் படிக்கட்டும் என்று. அவ்விதழின் பதிப்பகம் 1938-இல் குழந்தைகளுக்கென ஒரு படப் புத்தகமே வெளியிட்டது. யூதர்களைக் காட்டில் முளைக்கும் நச்சுக் காளானுக்கு ஒப்பிட்ட புத்தகம் அது. வேலையில்லாமைக்கும் விலைவாசிக்கும் போரில் தோற்றதற்கும் காரணம் யூதரே என்று ஆயிரம் முறை ஒரே குரலில் சொன்னால், மறுத்துச் சொல்ல ஒரு பத்திரிகையும் எஞ்சியிராவிட்டால், அடுத்த வீட்டுக்காரன் எத்தனை நாள் நம்பாமலிருப்பான்?

யூதரைக் குறித்து நாமும் அதிகம் அறிந்ததில்லை. ஆனால் நம் பள்ளிக்குத் தெற்கே, மண்ணடிக்கருகில், பவழக்காரத் தெரு இருக்கிறதே, அந்தப் பெயருக்குக் காரணமே 17-ஆம் நூற்றாண்டில் பவழம் கொண்டுவந்து வைரம் வாங்கிச் சென்ற யூத வணிகர்கள்தாம். 1688-இல் சென்னை மாநகராட்சி தொடங்கியபோது ஆல்டர்மன் பதவியேற்றவர்களில் யூதர்களும் இருந்தனர். அவர்களுடைய முன்னோர் போர்த்துக்கல் நாட்டினர். அங்கே மத விசாரணைக்கு அஞ்சி ஓடி வந்தவர்கள். அந்த விசாரணையை நடத்தியவர்கள் நம் திருச்சபையினரே என்பதை ஒரு கத்தோலிக்கப் பள்ளியின் மலரில் மறைப்பது முறையன்று. யூத வெறுப்பு ஹிட்லரோடு பிறந்ததில்லை. அவன் அதற்கு அச்சு இயந்திரத்தையும் ஒலிபெருக்கியையும் கொடுத்தான்.

தீத்துஸ் அடிகளார் இதை எல்லைக்கு அப்பாலிருந்து உற்று நோக்கி வந்தார். 1930-களின் நடுவில், ஜெர்மனியில் யூதர் நடத்தப்படும் விதத்தைக் கண்டித்து ஹாலந்து அறிஞர்கள் வெளியிட்ட தொகுப்பு நூலுக்கு அவரும் எழுதினார். 1938-39-இல் நாஜிக் கொள்கையின் தவறுகளை வகுப்பிலேயே பாடமாக நடத்தினார். ஹாலந்திலும் அக்கொள்கைக்கு ஒரு கட்சி கிளம்பியிருந்த காலம் அது.

1940 மே 10. ஜெர்மன் படைகள் ஹாலந்துக்குள் புகுந்தன. ஐந்தே நாளில் நாடு வீழ்ந்தது. செய்தி நிறுவனமும் வானொலியும் ஆக்கிரமிப்பாளர் கைக்குப் போயின. யூதப் பத்திரிகையாளர்கள் வேலையிழந்தனர்.

அடுத்த ஆண்டு பள்ளிகளின் முறை வந்தது. 1941 செப்டம்பர் முதல் யூதப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளோடு சேர்ந்து படிக்கக் கூடாதென்று உத்தரவு. நம் மாணவியர் பலரும் படித்திருக்கும் நாட்குறிப்பின் சொந்தக்காரி ஆன் பிராங்க் என்ற சிறுமி தன் பழைய பள்ளியை விட்டு யூதர்க்கென ஒதுக்கிய பள்ளிக்குப் போக நேர்ந்தது இதனால்தான். கத்தோலிக்கப் பள்ளிகளில் யூதக் குலத்தில் பிறந்த பிள்ளைகளும் இருந்தனர். அவர்களையும் வெளியேற்றச் சொன்னபோது, கத்தோலிக்க உயர்பள்ளிகளின் சங்கத் தலைவராக இருந்த தீத்துஸ் அடிகளார் எதிர்த்து நின்றார். இன்ன குலம் என்று பார்த்துப் பிள்ளைகளைப் பிரிக்க எங்களால் இயலாது என்பதே அவர் நிலை. வருகைப் பதிவேட்டிலிருந்து ஒரு தோழியின் பெயரை மட்டும் சிவப்பு மையால் அடிப்பதை நம் வகுப்பறையில் எண்ணிப் பார்த்தால் போதும்.

இனி விளம்பரத்திற்கு வருவோம். 1941 டிசம்பரில் புதிய உத்தரவு பிறந்தது. நாஜிக் கட்சியின் அறிக்கைகளையும் விளம்பரங்களையும் எந்தப் பத்திரிகையும் கொள்கையைக் காரணம் காட்டி மறுக்கலாகாது. கத்தோலிக்கப் பத்திரிகைகளும் இதற்கு விலக்கல்ல.

அந்த ஆசிரியர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்லர். வீட்டில் பிள்ளைகள் இருந்தனர், அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் தொழிலாளர் இருந்தனர். மறுத்தால் அபராதம், அதற்கும் மேலே போனால் பத்திரிகைக்குப் பூட்டு. ஏற்றுக்கொண்டாலோ, அது வெறும் விளம்பரந்தானே, நம் கருத்தல்லவே என்று மனத்தைத் தேற்றிக்கொள்ளலாம். பத்திரிகை பிழைத்திருந்தால் பிறகு நல்லதை எழுதலாம் என்றும் சொல்லிக்கொள்ளலாம். நாமாயிருந்தால் எந்தப் பக்கம் சாய்ந்திருப்போம் என்று உறுதியாகச் சொல்ல நமக்குத் துணிவில்லை.

உத்ரெக்ட் பேராயர் யோகான்னஸ் டி யோங் அவர்களும் தீத்துஸ் அடிகளாரும் கலந்து பேசினர். முடிவு தெளிவாயிருந்தது. அந்த விளம்பரங்களை ஏற்கும் பத்திரிகை இனிக் கத்தோலிக்கப் பத்திரிகையாகாது. 1941 டிசம்பர் 31 தேதியிட்டு ஆசிரியர்களுக்கு அடிகளார் ஒரு மடல் எழுதினார். மிரட்டல் வந்தாலும், அபராதம் விழுந்தாலும், பத்திரிகையே நின்றாலும் மறுக்க வேண்டும், இதுவே எல்லைக்கோடு, இதைத் தாண்ட நமக்கு வழியில்லை என்பது அதன் சாரம். இறுதிச் சொல் கடவுளுடையதே என்ற நம்பிக்கையோடு மடலை முடித்திருந்தார்.

எழுதியதைத் தபாலில் போட்டுவிட்டு மடத்தில் இருந்திருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. பிழைப்பை இழக்கச் சொல்லும் கடிதத்தை முகம் காட்டாமல் அனுப்புவது அவருக்கு ஒப்பவில்லை போலும். ஆபத்து உண்டு, கட்டாயமில்லை என்று பேராயர் எச்சரித்திருந்தார். அறுபது வயது கடந்த நோயாளி, 1942 புத்தாண்டு நாள் தொடங்கிக் கடுங்குளிரில் ரயிலேறி ஊர் ஊராகச் சென்று ஆசிரியர்களை ஒவ்வொருவராகச் சந்தித்தார். பதினான்கு பேரைப் பார்த்துவிட்டார். ஜனவரி 19, திங்கட்கிழமை, நைமேகன் மடத்தில் அவரைக் கைது செய்தார்கள்.

கடலோரத்து ஸ்கேவனிங்கன் சிறையில் 577-ஆம் எண் அறை. விசாரணை அதிகாரியின் முன் அவர் எதையும் மறுக்கவில்லை; செய்ததைச் செய்தேன் என்றார். ஹாலந்து மக்கள், குறிப்பாகக் கத்தோலிக்கர், நாஜிக் கட்சியை ஏன் எதிர்க்கிறார்கள் என்று எழுதித் தரச் சொன்னார்கள். அதையும் ஒளிவு மறைவின்றி எழுதித் தந்தார். அறையில் தனிமை அவருக்குப் பழகிய மடத்து வாழ்வாகவே பட்டது. அவிலா தெரேசாளின் வரலாற்றை எழுதத் தொடங்கினார். காகிதம் தீர்ந்தபோது, கையிலிருந்த ஓர் அச்சுப் புத்தகத்தின் வரிகளுக்கு இடையில் எழுதினார். பத்திரிகைக்காரர் அல்லவா, வெற்றிடத்தை வீணாக்க மனம் வரவில்லை.

மார்ச்சு மாதம் அமெர்ஸ்போர்ட் முகாம். பட்டினி, குளிர், வயிற்றுக்கடுப்பு. ஏப்ரல் 3, பெரிய வெள்ளி. அன்று கைதிகள் கூடிய இடத்தில் ஒரு பெட்டியின் மேல் ஏறி நின்று, ஆண்டவருடைய பாடுகளைக் குறித்து அவர் பேசினார். கேட்டவர்கள் எல்லாரும் கத்தோலிக்கர் அல்லர், விசுவாசமே இல்லாதவர்களும் நின்று கேட்டனர்.

அதற்கு இரண்டே நாள் கழித்து, உயிர்ப்பு ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பில் குண்டு வீசின. அடுத்துச் சென்னைதான் என்ற பேச்சு எழுந்தது. அவசியமில்லாதவர் நகரை விட்டு நீங்கலாமென அரசு அறிவிக்க, துறைமுகத்தை ஒட்டிய நம் தெருக்களில் கதவுகள் ஒவ்வொன்றாகப் பூட்டப்பட்டன. எது செய்தி, எது வதந்தி என்று தெரியாமல் மூட்டை கட்டிய கதையை நம் பாட்டிமார் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். உண்மைச் செய்தி கிடைக்காத ஊர் எப்படி நடுங்கும் என்பது இவ்வட்டாரத்திற்குத் தெரியும். பின்னர் 1975-இல் நெருக்கடி நிலை வந்து பத்திரிகைகளைத் தணிக்கைக்கு அனுப்பவேண்டி வந்தபோது, தலையங்கம் வர வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டு வெளியிட்ட பத்திரிகைகளும் நம் நாட்டில் உண்டு. பெற்றோரில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும்.

அடிகளாரை 1942 ஜூன் 19 அன்று ஜெர்மனியின் தகாவ் முகாமில் சேர்த்தார்கள். சட்டையில் 30492 என்ற எண். ஆயிரக்கணக்கான குருக்களை அடைத்து வைத்த முகாம் அது. வயலில் வேலை, தடுமாறினால் அடி. நற்கருணையைப் பிறர் இரகசியமாகக் கொண்டுவந்து தருவார்கள். அதைத் தம் மூக்குக் கண்ணாடியின் கூட்டுக்குள் மறைத்து, கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உலவினார். உடன் இருந்த கார்மேல் சகோதரர் ஒருவர் உயிர் பிழைத்து வந்து இதைச் சொன்னார்.

உடல் ஒரேயடியாகத் தளர்ந்தபோது முகாம் மருத்துவமனைக்குக் கொண்டு போனார்கள். மருத்துவமனை என்பது பெயர்தான். ஜூலை 26 அன்று நச்சு ஊசி போடப்பட்டு அவர் மரித்தார். ஊசி போட்ட நர்ஸ் விசுவாசத்தை விட்டிருந்த பெண். அடிகளார் அவளிடம் கோபிக்கவில்லை. அவள் இப்படியானது எப்படி என்றுதான் பரிவோடு விசாரித்தார். தம் ஜெபமாலையைக் கொடுத்தார். ஜெபிக்கத் தெரியாதென்று அவள் சொல்ல, அருள்நிறை மந்திரத்தின் கடைசிப் பகுதியையாவது சொல்லுமாறு கூறினார். பல ஆண்டுகளுக்குப் பின் அவளே திருச்சபையின் விசாரணைக்கு முன்வந்து சாட்சி சொன்னாள்.

அவர் மரித்த அந்த ஜூலை 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைய திருப்பலியில் ஹாலந்தின் கத்தோலிக்கக் கோவில்களில் ஆயர்களின் சுற்றுமடல் வாசிக்கப்பட்டது. யூதரை நாடு கடத்துவதை வெளிப்படையாகக் கண்டித்த மடல். பத்திரிகையில் வர இயலாதது பீடத்திலிருந்து வந்தது. பழிவாங்கல் உடனே தொடங்கிற்று. யூதக் குலத்தில் பிறந்த கத்தோலிக்கர்களை ஆகஸ்டு 2 அன்று தேடிப் பிடித்தனர். அவர்களில் ஒருவர் எக்ட் நகர்க் கார்மேல் மடத்துச் சகோதரி எடித் ஸ்டெயின். ஆகஸ்டு 9 அன்று அவுஷ்விட்சில் மாண்டார். போர் தொடங்குமுன் ஹாலந்தில் வாழ்ந்த சுமார் 1,40,000 யூதர்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரும்பி வரவேயில்லை. பேசினால் இப்படி, பேசாவிட்டால் எப்படி என்ற கேள்வியைச் சரித்திர ஆசிரியர்கள் இன்றும் விவாதிக்கிறார்கள்.

வெளிப்படையான பத்திரிகைகள் பல பணிந்துபோயின, சில மறைந்தன. ஆனால் நிலவறைகளில் கையச்சு இயந்திரங்கள் ஓடின. உயிரைப் பணயம் வைத்துப் பெண்களும் சிறுமியரும் சைக்கிளில் கொண்டு போய்க் கொடுத்த அந்த இரகசிய இதழ்களில் சில, ஹெட் பரோல், திரவ் போன்றவை, போருக்குப் பின்னும் நாளிதழ்களாகத் தொடர்ந்து வெளிவருகின்றன.

தீத்துஸ் அடிகளாரை 1985 நவம்பர் 3 அன்று திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் மறைசாட்சியாக ஏற்று முத்திப்பேறு பட்டம் அளித்தார். 2022-இல் புனிதர் பட்டத்தை ஒட்டிப் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் ஒன்றுகூடி, இவரைத் தங்கள் பாதுகாவலராக அறிவிக்க வேண்டுமெனத் திருத்தந்தைக்கு விண்ணப்பித்தனர். நம் தேவசகாயம் அவர்களுக்குப் புனிதர் பட்டம் கிடைத்த அன்று எடுத்த படங்களை வீட்டில் வைத்திருப்பவர்கள் மீண்டும் ஒரு முறை எடுத்துப் பாருங்கள். பேராலய முகப்பில் வரிசையாகத் தொங்கும் திருவுருவப் படங்களிடையே, கார்மேல் உடையில் ஒரு மெலிந்த முதியவர் இருப்பார்.